பாட்டும் பாடினோன் பெயரும்

திருக்குற்றாலம் என்றவுடன் தமிழ் கற்றார் நெஞ்சில் அருவியின் ஒலிக்கு அடுத்தபடியாக எழுவது ஒரு குறத்தியின் குரலாகும். தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியிலே, மலைக்குறத்தி ஒருத்தி தெருவில் வந்து நின்று, தன் மலையின் வளத்தையும் தன் குலத்தின் பெருமையையும் சொல்லின்மேற் சொல் அடுக்கித் தாளம் பிசகாது பாடுகின்றாள். மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அந்நூலின் சுவையை வியந்து கவிராயர்க்கு நிலம் அளித்தனர் என்றும், அந்நிலம் 'குறவஞ்சி மேடு' என வழங்கலாயிற்று என்றும் கூறுவர். பாட்டிற்கு நிலம் பரிசிலாக வந்தது. புலவர் பெயரும் நிலைத்தது. ஆனால் அம்மேட்டில் ஏர் பிடித்தவர் யாவர், நாற்று நட்டவர் யாவர் என்று எழுதி வைத்தார் ஒருவருமிலர். குறத்தியின் பாட்டுங்கூடக் குறத்தி எழுதியதன்று. அவள் பொருட்டுப் பிறர் எழுதியதே.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், நிலமற்றோர் மரபிற் பிறந்த இளைஞர் ஒருவர், தம் பாட்டியின் கதையைப் பிறர் எழுதக் காத்திராது தாமே பாட்டாக்கித் தெருவில் வந்து நின்றார். அவர் எடுத்துக்கொண்ட பாட்டு வகை 'ராப்' என்பது. அவர் பெயர் அறிவு; 'தெருக்குரல் அறிவு' என்றால் இளைஞர் அனைவரும் அறிவர். அவருடைய வரலாற்றையும், அவர் கையாளும் பாட்டின் இயல்பையும், பாடினோன் பெயரைப் பாட்டினின்றும் பிரித்தல் தகாது என்பதற்கு அவர் வாழ்க்கை எவ்வாறு சான்றாகின்றது என்பதையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராப் என்ற சொல் செவியிற் பட்ட அளவிலே முகஞ்சுளிப்பார் நம்முள் பலர். அது பாட்டன்று, பிதற்றல் என்பர் சிலர். மேனாட்டார் கழித்துப் போட்ட குப்பை என்பர் வேறு சிலர். ஆகலின் அதன் பிறப்பை முதற்கண் அறிதல் நலம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க்கு நகரத்தின் பிராங்க்ஸ் என்னும் வறிய பகுதியில், அடுக்குவீடு ஒன்றின் கூடத்தில் இளைஞர் கூடிக் களித்த விருந்தொன்று நடைபெற்றது. அங்கே இசைத்தட்டு இயக்கியவர் ஜமைக்காத் தீவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்பார். பாடல்களின் நடுவே குரல் ஓய்ந்து முழவு மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியிலேதான் ஆடுவோர்க்கு ஊக்கம் மிகுதல் கண்டு, ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரண்டு பொறிகளில் மாறி மாறி இயக்கி, அச்சிறு பகுதியை வேண்டுமட்டும் நீட்டும் உபாயத்தை அவர் கைக்கொண்டார். நீண்ட அத்தாளத்தின்மேல் கூட்டத்தாரை விளித்து எதுகை படப் பேசும் வழக்கம் வளர்ந்து, பாடலாகவே உருவெடுத்தது. பாடகரை அமர்த்தவும் இசைக்கருவிகள் வாங்கவும் பொருளில்லாதார் கையில், பழைய இசைத்தட்டே கருவியாயிற்று, வாய்ச்சொல்லே செல்வமாயிற்று. 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' என்னும் பாட்டு, இடிந்த வீடுகளுக்கிடையே வாழும் வறியோர் நிலையைப் படம் பிடித்துக் காட்டவே, இக்கலை களியாட்டத்திற்கு மட்டும் உரியதன்று என்பது உலகறிந்த உண்மையாயிற்று.

இனி, இதன் யாப்பியலைச் சிறிது நோக்குவோம். ராப் பாட்டின் அடிப்படை, நான்கு அடிப்புக் கொண்ட தாளச்சுற்று. ஒவ்வொரு சுற்றினுள்ளும் பாடுவோன் எத்துணைச் சொல்லையும் நெருக்கலாம். விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். ஆனால் தாளத்தின் தலை வரும்போது அவனும் அங்கே வந்து நிற்றல் வேண்டும். சுற்றின் இறுதியில் ஓசை ஒன்றி வருதல் இன்றியமையாதது. அதனை நம் இலக்கணம் இயைபுத் தொடை என்னும். ஆங்கிலத்தார்க்கு இயைபு ஒன்றே பெருந்துணை. தமிழனுக்கோ அடியின் முதலில் மோனையும், இரண்டாம் எழுத்தில் எதுகையும், ஈற்றில் இயைபும் என மூன்று துணைகள் உள. குறிலும் நெடிலும் மாறி வருதலாற் பிறக்கும் சந்தமும் அவனுக்குப் பிறப்புரிமை.

இவ்வுரிமைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம் இன்று தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது. அவ்வூரிற் பிறந்து, முப்பது வயது நிரம்பு முன்னரே மறைந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலைச் சமீன்தாரின் ஆதரவிலே பாடிய காவடிச்சிந்து, தோளிற் காவடி சுமந்து கழுகுமலை நோக்கி நடப்பார்க்கு ஏற்ற நடையில் அமைந்தது. சொல் நெருங்கி ஓடும், சட்டென நிற்கும், மீண்டும் துள்ளும். நடக்கின்றவன் மூச்சே அதன் அளவுகோல். ராப் பாடுவோன் மூச்சும் அவ்வாறே அவன் அடியை அளக்கின்றது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், பாட்டென்பது ஏட்டிலே கண்ணாற் காண்பதன்று, காதினாற் கேட்பது என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். காவடிச்சிந்தையும் ராப் பாட்டையும் ஒன்றெனக் கூறுதல் நம் கருத்தன்று. ஒன்று பத்தியிற் பிறந்தது, மற்றொன்று பட்டினியிற் பிறந்தது. ஆயினும் காது என்னும் நீதிமன்றத்தில் இரண்டுக்கும் ஒரே சட்டந்தான்.

ராப் பாடுவோர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்கின்றனர் என்பது மற்றொரு குற்றச்சாட்டு. இதற்கு விடை நன்னூற் பாயிரத்திலேயே உள்ளது. தன்னைப் புகழ்தல் புலவனுக்குத் தகாது என்று விலக்கிய பவணந்தியார், நான்கு இடங்களில் அதற்கு இசைவும் தந்துள்ளார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையிலே வாதில் வெல்ல வேண்டிய காலத்தும், மாற்றான் தன்னைப் பழித்த வழியும் புலவன் தன்னைப் புகழலாம். ராப் பாடுவோர் இருவர் எதிரெதிர் நின்று சொற்போர் புரியும் களத்தில் இந்நான்கனுள் மூன்று ஒருங்கே அமைந்துள. வழிவழியாகப் பழிக்கப்பட்ட குடியிற் பிறந்தவன், 'யானும் ஒரு மகன்' என்று கூறுதல் தற்புகழ்ச்சியாகுமா என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மகளிரை இழித்துப் பேசுதலும், பொருட்செருக்கும், வசைமொழியும் இக்கலையுள் மலிந்து கிடக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. அவை பாடுவோர் குற்றம். பாட்டு வகையின் குற்றமாகா.

தமிழுக்கு இக்கலை இரு வழியாக வந்தது. ஒன்று திரைப்படத்தின் வழி: 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பலரும் அறிந்ததே. மற்றொன்று கடல் கடந்த தமிழர் வழி. மலேயா நாட்டுத் தமிழரான யோகி பி என்பாரும் அவர்தம் நட்சத்திரக் குழுவினரும் 2006இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். தமிழிலே முழுத் தொகுப்பாக ராப் பாடலாகும் என்பதை இங்குள்ள இளைஞர் பலர் அதனாலேயே உணர்ந்தனர். பின்னர் 'ஹிப்ஹாப் தமிழா' குழுவினர் இணையத்தின் வாயிலாகப் பெரும்புகழ் எய்தினர். 2015இல் சோபியா அஷ்ரப் என்னும் நங்கை, கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசத்தால் உடல்நலம் குன்றிய தொழிலாளர்க்காக ஒரு பாட்டைப் பாடி வெளியிட்டார். அதற்கு முன்னரும் ஆண்டுக்கணக்காகத் தொழிலாளர் போராடி வந்தனர். பாட்டு அவர்கள் குரலை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. 2016இல் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டினால் மட்டும் அது நிகழ்ந்தது என்று கூறலாகாது. பாட்டிற்கும் அதிற் பங்குண்டு எனல் மிகையாகாது.

இக்கலைஞருள் ஒரு சாராரை 'அண்டர்கிரவுண்ட்' கலைஞர் என்று வழங்குவர். சட்டத்திற்கு அஞ்சி ஒளிந்து வாழ்வோர் என்பது இதன் பொருளன்று. நிலத்தின்மேல் கண்ணுக்குப் புலனாகும் பெரிய வாணிகத்தில் இடம் பெறாமல், வேர்போல் அடியிலே பரவி வாழ்வோர் என்பதே பொருள். தமிழ்நாட்டில் மக்கள் இசை என்றால் பெரிதும் திரையிசையே. ஆகவே இங்கே அச்சொல்லுக்குத் திரைக்கு வெளியே நிற்போர் என்று பொருள் கொள்ளலாம். இவர்க்கு இசையரங்கு இல்லை. பதிவு நிறுவனத்தின் முன்பணம் இல்லை. நண்பன் கணினியில் அமைத்த தாளமும், கடன் வாங்கிய ஒலிவாங்கியும், வீட்டின் ஒரு மூலையுமே இவர்தம் கலைக்கூடம். பாட்டை இணையத்தில் தாமே வெளியிடுவர். கல்லூரி விழா, போராட்டப் பந்தல், நகரத்துச் சிறு மன்றம் ஆகிய இடங்களிற் பாடுவர். வருவாய் சிறிது, உரிமை பெரிது. எதைப் பாடலாம், எதைப் பாடலாகாது என்று சொல்லும் முதலாளி தலைமேல் இல்லாமையே இவ்வாழ்வின் ஊதியம்.

அத்தகைய வாழ்விலிருந்து எழுந்தவரே அறிவு. இவரது முழுப்பெயர் அறிவரசு கலைநேசன், ஊர் அரக்கோணம். பொறியியல் கற்றவர். அண்ணல் அம்பேத்கரின் கருத்துக்களில் ஊன்றிய உள்ளத்தினர் என்பதை இவரே வெளிப்படக் கூறுவர். 2018ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியாலும் இசைவாணர் டென்மாவின் அமைப்பாலும் சென்னையில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் இவர் ஒருவராய் விளங்கினார். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்னம் வழங்கிய கருத்தினின்றும் எடுக்கப்பட்டது அக்குழுவின் பெயர். வடசென்னையின் கானாவும், பறையும், மேனாட்டு ராக் இசையும், ராப்பும் ஒரே மேடையில் ஒன்றன்தோளில் ஒன்று கையிட்டு நின்றன. இறப்பு வீட்டிற்கே உரியது என ஒதுக்கப்பட்டிருந்த கானா, நகரத்துப் பெருமேடையில் தலைநிமிர்ந்தது.

அவ்வாண்டிலேயே 'காலா' திரைப்படத்திற்கு இவர் பாடல் எழுதினார். 2019இல் ஓஃப்ரோ என்னும் இசையமைப்பாளருடன் கூடித் 'தெருக்குரல்' என்ற தனித் தொகுப்பை வெளியிட்டார். இப்பெயர் தமிழ் மாணவர்க்கு இன்பம் தருவது. திருக்குறள் என்பதனோடு ஒலியால் நெருங்கி, திருவைத் தெருவாகவும், குறளைக் குரலாகவும் மாற்றி நிற்கின்றது. வல்லின றகரம் இடையின ரகரமாயிற்று. ஆனால் சொல்லின் வன்மை குறையவில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து மாணவர் பலர் வீதியில் இறங்கிய காலத்தில், இவர் பாடிய 'சண்ட செய்வோம்' பல போராட்டங்களில் ஒலித்தது. 2021இல் 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' இவரைச் சிற்றூர்ச் சிறுவரும் அறியச் செய்தது. அடியில் இருந்த வேர் இவ்வாறு மேலே தளிர்த்தது.

2021 மார்ச்சில் வெளிவந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. தீ என்னும் பாடகியும் அறிவும் இணைந்து பாடிய அப்பாட்டிற்கு இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா என்னும் இசை நிறுவனம். இணையத்தில் அது 40 கோடி முறைக்கு மேற் காணப்பட்டது. பொருளுணர்ந்து கேட்டாரும் உணராது கேட்டாரும் அதற்கு ஆடினர். 'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்பதன் மரூஉ. உழவுத் தொழிலாளி நிலக்கிழாரை அழைக்கும் பணிவுச் சொல்லும் அதுவே. பாட்டி பேரனைக் கொஞ்சும் அன்புச் சொல்லும் அதுவே. ஒரே சொல் அடிமைக்கும் அன்புக்கும் பொதுவாய் நிற்றலை உணர்ந்து, அச்சொல்லைத் தலைவாயிலாக வைத்துப் பாட்டைக் கட்டியது அறிவின் புலமை. ஒப்பாரியின் ஓசையும், உழுகுடியின் வழக்குச் சொற்களும், காட்டிலும் மேட்டிலும் வாழும் உயிர்களின் பெயர்களும் அதனுள் விரவி வருகின்றன. அப்பாட்டின் காட்சியில் அறிவின் பாட்டியார் வள்ளியம்மாளே தோன்றுகின்றார்.

வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அவர் ஒருவர் கதை, ஒரு பெருங்கூட்டத்தின் கதையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டைக் காப்பித் தோட்டமாக்கியபோதும், 1867 முதற்கொண்டு தேயிலை பயிரிட்டபோதும், காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் தமிழ்நாட்டினின்றும் கூட்டங் கூட்டமாக ஏழைகள் கொண்டு செல்லப்பட்டனர். கங்காணியிடம் பெற்ற முன்பணம் கடனாயிற்று, கடன் கட்டாயிற்று. பத்தடி அறைகள் வரிசையாய் அமைந்த 'லயம்' என்னும் குடியிருப்பிலே தலைமுறைகள் பிறந்து மடிந்தன. நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் உடன்பட்டன. மாந்தரை எண்ணால் வகுத்துப் பங்கிட்ட அக்கணக்கில், அவரவர் விருப்பத்தைக் கேட்பதற்கு ஒரு கட்டமும் இருந்ததில்லை. பிறந்த மண்ணைவிட்டுப் பாட்டன் மண்ணுக்குத் திரும்பியவர்க்கு இங்கே காணி நிலமும் காத்திருக்கவில்லை.

இக்கதை தென்காசியார்க்கு அயலதன்று. புளியரை வழியே செங்கோட்டைக் கணவாயைக் கடந்து மலையாள நாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் இப்பகுதியில் பல. கணவாயைத் துளைத்துச் செல்லும் கொல்லம் இருப்புப்பாதை 1904இல் மக்கள் போக்குவரவிற்குத் திறக்கப்பட்டது முதல் அப்போக்கு எளிதாயிற்று. மூணாற்றுத் தோட்டங்களில் இன்றும் கேட்கும் தமிழில் நெல்லைச் சீமையின் சாயல் உண்டு. சாரற் காலத்தில் குற்றாலத்திற்கு வருவார் வண்டிகளில் 'எஞ்சாய் எஞ்சாமி' ஒலிக்கக் கேட்டு, அதனை வெறுங் களியாட்டப் பாட்டென்று கருதுவோர், அது மேற்கே தோன்றும் இம்மலைக்கு அப்பாற் சென்ற நம் உறவினர் பாட்டு என்பதை எண்ணுவாராக.

அப்பாட்டின் புகழோடு ஒரு பூசலும் எழுந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அட்டையில், அறிவின் சொற்களைத் தாங்கிய பாடல்களைக் குறித்து மற்றிரு பாடகர் படங்கள் வந்தன. அறிவின் படம் வரவில்லை. பா. இரஞ்சித் முதலானோர் இதனைக் கண்டித்தனர்; பின்னர் அவ்விதழ் அறிவின் படத்தையும் அட்டையில் வெளியிட்டது. 2022 ஜூலை 28ஆம் நாள் சென்னையில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில், தீயும் கிடக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினர். மேடையில் அறிவு இல்லை. சில நாட்களில் அறிவு ஓர் அறிக்கை வெளியிட்டார். அப்பாட்டை எழுதியதும், இசைத்ததும், பாடியதும், நடித்ததும் தாமே என்றும், மெட்டையோ சொல்லையோ தமக்கு ஒருவரும் தந்ததில்லை என்றும் அதில் அவர் கூறினார். சந்தோஷ் நாராயணன் விடையளித்தபோது, ஆக்கத்தில் மூவர்க்கும் பங்குண்டு என்றும், உரிமையும் வருவாயும் மூவர்க்கும் சமம் என்றும், விழா நாளில் அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்றும் உரைத்தார். தீயும் தாம் அறிவின் பெயரை எங்கும் மறைத்ததில்லை என்றார். 2024இல் அப்பாட்டின் வருவாயாக ஒரு காசும் தமக்கு வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படக் கூறியது இவ்வரலாற்றின் மற்றொரு திருப்பம்.

இவர்களுள் யார் பக்கம் நீதி என்று தீர்ப்புக் கூறுதல் நம் வேலையன்று. ஆனால் இப்பூசல் ஏன் எழுந்தது என்பது ஆராயத்தக்கது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பாட்டின் சொல்லை ஒரு படைப்பாகவும், இசையை வேறொரு படைப்பாகவும், பதிவு செய்த ஒலியை மூன்றாவதாகவும் பிரிக்கின்றது. மெட்டமைத்தவர் ஒருவர், சொல் எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர் என்னும் திரைப்பட வழக்கிற்கு இப்பிரிவு பொருந்தும். ராப் பாட்டிலோ சொல்லின் ஓட்டமே மெட்டு. எழுதுங்காலே இசையும் பிறந்துவிடுகின்றது. சொல்லையும் சந்தத்தையும் பிரிக்க முயல்வது, அருவியிலிருந்து நீரை ஒருபுறமும் வீழ்ச்சியை ஒருபுறமும் எடுத்து வைக்க முயல்வது போலாம். இனி, அதனுள் வரும் ஒப்பாரி யாருடையது? அது வள்ளியம்மாளுடையது, அவர்க்கு முன் அழுத பெண்டிர் அனைவருடையதுமாகும். அவர்க்கு இடம் தரும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை.

எனினும் அச்சட்டத்திலே போற்றத்தக்க இரண்டு உண்டு. 57ஆம் பிரிவின்படி, ஆக்கியோன் தன் உரிமை முழுவதையும் விற்றுவிட்டாலும், 'இதை ஆக்கியவன் யான்' என்று கூறிக்கொள்ளும் உரிமை அவனை விட்டு நீங்காது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டியை அடியோடு விட்டுக்கொடுக்க இயலாதவாறு காத்ததுடன், பாடுவோர்க்கும் தம் பெயர் சுட்டப்படும் உரிமையை அளித்தது. பொருளை விற்கலாம், பெயரை விற்கலாகாது என்பது இவற்றின் சாரம்.

இக்கொள்கை நமக்குப் புதியதன்று. கீர்த்தனை இயற்றியோர் இறுதியிலே தம் பெயரையோ அடையாளச் சொல்லையோ பதித்தனர். அதற்கு முத்திரை என்று பெயர். குற்றாலக் குறவஞ்சியின் வழியைப் பின்பற்றிப் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார், 1774இல் திருநெல்வேலியிற் பிறந்தவர். அவரும் தம் பாடல்களில் தம் பெயரை நிறுத்தினார். அச்சுப்பொறி இல்லாத நாளில், பாட்டு ஊர் ஊராகச் செல்லும்போது பாடினோன் பெயரும் உடன்செல்ல வேறு வழி இல்லை. ராப் பாடுவோர் பாட்டினுள்ளே தம் பெயரைக் கூவுவதும் இம்முத்திரையின் உடன்பிறப்பே. ஆனால் முத்திரை இடும் உரிமை ஏட்டறிவுடையார்க்கே கிடைத்தது. நாற்று நட்டுக்கொண்டே பாடியவள் தன் பெயரை எங்கே பதிப்பாள்? தென்காசிப் பெருங்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், இக்கோயிலைப் பிற்காலத்துக் காப்பார் அடியில் வீழ்ந்து வணங்குவேன் என்று கல்லிலே பாட்டு வெட்டி வைத்தான். அம்மன்னன் பணிவு நம் நெஞ்சை உருக்குவது உண்மை. அக்கல்லைச் சுமந்தார் யாவர் என்று நாம் அறியோம்.

2024இல் அறிவு தம் புதிய தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தம்மைத் தந்தை வழியாலோ, பட்டத்தாலோ, புகழ்பெற்ற பாட்டாலோ அவர் குறிக்கவில்லை. கொழுந்து கிள்ளிய ஒரு மூதாட்டியின் பேரன் என்றே குறித்தார். முத்திரை இட வழியின்றிப் போன பாட்டிக்குப் பேரன் இட்ட முத்திரை அது. தம் பெயர் மேடையில் விடுபட்டது குறித்து வருந்தியவர், அதற்கு விடையாகத் தம் பெயரை மட்டும் உரக்கக் கூவாமல், தமக்கு முன்னரே விடுபட்டுப் போன பெயரை முன்னிறுத்தினார். அண்டர்கிரவுண்ட் கலைஞன் புகழ் பெற்று மேலே வந்தால் அவன் வேர் அறுந்துவிடும் என்பாருக்கு இது தக்க விடை.

தமிழ் பயிலும் நமக்கு இதனால் ஒரு கடமை உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை போன்ற பெரியார் அரிதின் முயன்று நாட்டுப்பாடல்களைத் திரட்டித் தந்தனர். அத்தொகுப்புக்களில் பாடலின் கீழே சேகரித்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் காண்கிறோம். சிலவற்றில் உதவியவர் பெயரும் உண்டு. அவர்கள் தொடங்கிய நெறியை நாம் நிறைவு செய்தல் வேண்டும். விடுமுறையில் நம்மிற் பலர் வகுப்புக் கட்டுரைக்காக ஊர்ப்புறம் சென்று நடவுப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும் கேட்டு எழுதி வருகின்றோம். எழுதிய ஏட்டில் நம் பெயரும் வகுப்பும் தவறாமல் இடம் பெறுகின்றன. பாடிய அம்மையாரின் பெயருக்கோ 'ஒரு கிழவி' என்ற இரு சொல்லே எஞ்சுகின்றன. இனியேனும் பாடினார் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் ஊரையும் அப்பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பதையும் முதல் வரியில் எழுதுவோமாக. நம் பெயர் இறுதியில் நின்றாற் போதும். மேலகரத்துக் கவிராயர்க்குக் கிடைத்த நிலத்தைப்போல் நம்மால் ஒருவர்க்கும் ஒரு குழி நிலமும் தர இயலாது. பெயரைத் தரல் இயலும். அதற்கு ஒரு வரியே செலவு.